மூன்று தரம் திறந்த எஞ்சின்

மே 19

ஐஸ் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் அலமாரியில் கரப்பான்களுக்கு மெத்தையாகக் கிடந்தது. இன்று எங்கள் படகில் புது எஞ்சின் இறங்கியிருக்கிறது. என்றைக்கு எண்ணெய் ஊற்றினோம், என்றைக்கு எதை மாற்றினோம் என்று குறித்து வைக்கும்படி மெக்கானிக் சுடலைமணி சொன்னார். அதற்காகத்தான் எழுதுகிறேன், வேறு ஒன்றுக்கும் இல்லை.

கிரேன்காரன் எஞ்சினைத் தூக்கிப் படகுக்குள் இறக்கும்போது நான் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றேன். "அத்தான், பக்கத்துல வந்து பாருங்களேன்" என்று தோபியாஸ் கத்தினான். தோபியாஸ் என் மனைவி கித்தேரியின் தம்பி. படகு எங்கள் இருவருக்கும் பொது. நான் ஓட்டுநர், அவன் வலை பார்ப்பவன். வெயில் தாங்கவில்லை, இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். பச்சை நிற எஞ்சின், ஆறு சிலிண்டர். பெயின்ட் வாசம் டீக்கடை வரைக்கும் வந்தது.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பதினாலோடு முடிகிறது. பதினைந்தாம் தேதி விடிகாலையில் எங்கள் தருவைக்குளத்துப் படகுகள் எல்லாம் ஆழ்கடலுக்குப் போகும். நாங்களும் போவோம்.

மே 21

கித்தேரி காலையிலேயே தொடங்கிவிட்டாள். "ஏங்க, இது வீடா, தண்ணிப் பந்தலா? கட்டிலுக்கு அடியில பாட்டிலு, பீரோ மேல பாட்டிலு, மாதா படத்துக்குப் பின்னாலயும் ஒண்ணு ஒளிச்சி வச்சிருக்கீங்க."

கோடைக்காலம், குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்றைக்கு வராது என்று யார் கண்டது என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

எதையாவது மனதில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள். போன அக்டோபரில் பழைய எஞ்சினில் எண்ணெய் பம்பு போய், நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. காற்று எங்கே தள்ளியதோ அங்கே போனோம். குடிதண்ணீர் தீர்ந்தது. மீன் அறையில் உருகிய ஐஸ் தண்ணீரை வேட்டியில் வடிகட்டிக் குடித்தோம். கடைசியில் ஒரு குமரி மாவட்டத்துப் படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. போன எட்டுப் பேரும் முழுசாகத் திரும்பினோம். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

மே 23

புது எஞ்சின் மந்திரிப்பு. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி, படகு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். எஞ்சின் அறை மூடியைத் திறந்து அதன் மேலும் தெளித்தார். மந்திரிப்பு அன்று மட்டும்தான் எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவார்கள். கித்தேரியும் தோபியாஸ் மனைவியும் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். எல்லோருக்கும் பூந்தி கொடுத்தோம். ஃபாதர் போன பிறகு ஆண்கள் எல்லாம் கரையில் நின்று அரட்டை அடித்தோம்.

எஞ்சினை நாளைக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்றார் சுடலைமணி. நல்லது.

மே 24

ஓட்டிப் பார்த்தோம், விளங்கியது போ!

ஓட்டுவதற்கு முன் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவுக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. சுடலைமணி கை தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே சாவியில் பிடித்தது. நல்ல சத்தம். தோபியாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். ஒரு பீடி பாதி குடிக்கும் நேரம்கூட இருக்காது, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் தள்ளாடிக் கீழே இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தது. என் கைதான் முதலில் போய் அணைத்தது. எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது.

மறுபடி கம்பியை உருவினால், எண்ணெய் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் நுரைத்துக்கொண்டு வருகிறது. எண்ணெயில் தண்ணீர்.

"புது எஞ்சின்லயா?" என்றான் தோபியாஸ். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் கரைக்கு இறங்கி வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மே 25

சுடலைமணி அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துத் தெளிய வைத்தார். அடியில் தண்ணீர் தங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்ல அண்ணாச்சி. கடல் தண்ணி உள்ள வரல."

ரேடியேட்டர் தண்ணீரும் இல்லை. அதில் பச்சை மருந்து கலந்திருக்கிறது, அளவும் குறையவில்லை. எண்ணெயைக் குளிர வைக்கும் கூலரைக் கழற்றி, காற்று அடைத்து, தொட்டியில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. "எங்கயும் ஓட்ட இல்ல. பின்ன தண்ணி என்ன ஆகாசத்துலருந்தா வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்தார்.

இரவுச் சாப்பாட்டின் போது கித்தேரியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "சாப்பிட்டேன்" என்றாள், இடது கை கம்மலைத் திருகிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கை தானாகக் காதுக்குப் போகும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன், இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கத் தெம்பு இல்லாமல் படுத்துவிட்டேன்.

மே 27

எண்ணெய்க் கடைக்காரர்தான் தண்ணீர் கலந்த எண்ணெயைத் தலையில் கட்டிவிட்டார் என்று தோபியாஸ் முடிவு கட்டிவிட்டான். கடைக்காரரோ சீல் உடைக்காத டின்தான் கொடுத்தேன் என்று சத்தியம் செய்கிறார். எங்கள் வீட்டு வாசலிலேயே இரண்டு பேருக்கும் வாய்த் தகராறு. தோபியாஸ் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

கித்தேரி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அவரை விடு தோபி! தண்ணி ஊத்துனது நான்."

தோபியாஸ் சட்டையை விட்டான்.

வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்த தீர்த்தம். மாதா உருவத்திலேயே நீலமூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் விற்பார்களே, அந்தப் பெரிய பாட்டில். அதைச் சேலைக்குள் மறைத்துப் படகுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். நாங்கள் கரையில் அரட்டை அடித்த நேரத்தில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து மொத்தத்தையும் கவிழ்த்திருக்கிறாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுன?" தோபியாஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஃபாதர் மேல மேல தெளிச்சிட்டுப் போயிட்டாவ. போன தடவ கோளாறு உள்ளதான வந்துச்சு? அதான் உள்ளயே ஊத்துனேன். எண்ணெயும் தண்ணியும் சேராதுன்னு எனக்குத் தெரியாதா? மாதா தண்ணி சேரும்னு நெனச்சேன்."

சத்தம் கேட்டு வந்து நின்ற சுடலைமணி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். எண்ணெய்க் கடைக்காரர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "நல்லா ஊத்துனம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவள் எனக்காக இவ்வளவு பயந்துபோய்க் கிடக்கிறாளே என்று இருந்தது. நான் பயப்படுகிறவன் இல்லை என்று இவளுக்குத் தெரியாதா?

மே 29

எண்ணெய் முழுவதையும் வடித்தோம். இனி ஒரே கேள்வி, தண்ணீரோடு ஓடிய அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே காயம் பட்டிருக்கிறதா இல்லையா என்பதுதான். பேரிங் அடிபட்டிருந்தால் இன்றைக்குத் தெரியாது. கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகுதான் எஞ்சின் இறுகி நிற்கும்.

சுடலைமணி எண்ணெய் ஃபில்டரை வாளால் அறுத்து, உள்ளே இருந்த காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் காட்டினார். உலோகத் தூள் இருந்தால் மின்னும். மின்னவில்லை. எஞ்சினின் பக்க மூடிகளைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, இரண்டு பேரிங்குகளை வெளியே எடுத்தார். பிறை நிலா மாதிரி வளைந்த பட்டைகள். துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை மேலே ஓட்டினார். கீறல் இருந்தால் நகம் தட்டும்.

"வழுக்கிட்டுப் போவுது அண்ணாச்சி. நீங்களே பாருங்க."

நானும் நகத்தை ஓட்டினேன். வழுக்கிக்கொண்டுதான் போனது. எல்லாவற்றையும் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புது எண்ணெய் ஊற்றினோம். இடுப்பு விட்டுப்போய்விட்டது.

ஜூன் 1

எஞ்சினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினோம். எண்ணெய் அழுத்தம் அசையாமல் நின்றது. சுடலைமணி பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் கேட்டது. எஞ்சின் சத்தத்துக்கு அடியில், வெகு உள்ளே, டக்... டக்... பழைய எஞ்சின் நிற்பதற்கு முன்னால் அடித்த அதே சத்தம்.

"கேக்குதா?" என்றேன். சுடலைமணி நீளமான திருப்புளியை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி ஒவ்வோர் இடமாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார். தோபியாஸ் கேட்டான், ஒன்றும் இல்லை என்றான். நான் வைத்துக் கேட்டபோது இருந்தது.

ஜூன் 4

என் பிடிவாதத்தின் பேரில் இரண்டாம் தரம் திறந்தோம். இந்தத் தடவை வேறு இரண்டு பேரிங்குகள். நகம் வழுக்கிக்கொண்டு போனது.

ஜூன் 5

டக் சத்தம் இருக்கிறது.

ஜூன் 7

மற்ற படகுகளில் எல்லாம் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். வலைகள் ஏறுகின்றன. ஐஸ் சொல்லிவைக்கிறார்கள். எங்கள் படகு மட்டும் வயிற்றைத் திறந்து போட்டபடி கிடக்கிறது. பார்க்கிறவன் எல்லாம் "என்ன ரெமிஜியூஸ், மாதா தண்ணி இன்னும் வத்தலியா?" என்கிறான். நன்றாக இருக்கிறது இவர்கள் கேலி. நடுக்கடலில் நின்றால் இவனுகள் வந்து தள்ளுவானுகளா?

ஆறு பேர் எங்கள் படகை நம்பி வேறு படகுக்குப் போகாமல் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் இன்று தோபியாஸிடம் வந்து, பதினைந்தாம் தேதி போவோமா மாட்டோமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள். எஞ்சினைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான்தான் குறுக்கே சொன்னேன்.

ஜூன் 9

மூன்றாம் தரமும் திறக்கச் சொன்னேன். தோபியாஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், கறி சோறு ஆக்குன சட்டியக்கூட இத்தன தடவ தெறந்து பாக்க மாட்டாவ. இன்னைக்கு ஒங்க ஆசைக்குத் தெறக்கேன். இதுலயும் ஒண்ணும் இல்லன்னா, நான் வேற டிரைவரப் பாத்துக்கிடுதேன். என்னயத் தப்பா நெனைக்காதீங்க."

மிச்சமிருந்த பேரிங்குகள் எல்லாம் வெளியே வந்தன. வரிசையாகச் சாக்கில் அடுக்கி வைத்தார் சுடலைமணி. ஒவ்வொன்றிலும் நகத்தை ஓட்டினேன். ஒன்றிலாவது தட்டாதா என்று ஓட்டினேன். தட்டவில்லை.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல" என்றார் சுடலைமணி. அவர் கையெல்லாம் வெட்டுக்காயம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சத்தம் இருக்கிறதே, நான் என்ன செய்ய?

ஜூன் 10

படகுக்குப் போகவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

ஜூன் 12

துறையை ஒட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது என்று தோபியாஸ் முடிவு செய்தான். நான் செருப்பைப் போடும்போது கித்தேரியும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"நீ எங்க?"

"நானும் வாரேன்."

"பொம்பளயாளு கடலுக்கு வாரதா? ஊரு சிரிக்கும்."

"ஊரு ஏற்கனவே சிரிச்சிட்டுத்தான் இருக்கு. மீன் புடிக்கவா போறோம்? தண்ணி ஊத்துனவ நான். அது என்ன சத்தம்னு நானே வந்து கேக்கேன்."

தோபியாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். கரையில் நின்ற கிழவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பலகையில் ஏறி, எஞ்சின் அறை மூடிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சுக்கானை நான் பிடித்தேன். எட்டு மாதம் ஆகிறது. அலையைத் தடுக்கும் கல் கட்டையைத் தாண்டியதும் முதல் அலை படகைத் தூக்கியது. சத்தம் உடனே வந்துவிட்டது. டக்... டக்... கை வேர்த்து, சுக்கான் வழுக்கியது. தோபியாஸிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டுக் கித்தேரியிடம் வந்து குந்தினேன்.

"கேக்குதா?"

அவள் குனிந்து, எஞ்சின் அறைக்குள் தலையை விட்டு, வெகுநேரம் கேட்டாள். புகையில் கண்ணில் தண்ணீர் வடிந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க, கேக்குது" என்றாள். "நல்லாவே கேக்குது. இந்தப் படகுல நீங்க போக வேண்டாம்."

அவள் இடது கை கம்மலைத் திருகிக்கொண்டிருந்தது.

சுடலைமணி சொன்னபோது நம்பாதவன், மூன்று தரம் திறந்து நகத்தை ஓட்டியும் நம்பாதவன், அந்தக் கையைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். எஞ்சினில் சத்தம் இல்லை.

சுக்கானுக்குப் போய்த் தோபியாஸ் பக்கத்தில் நின்றேன். "மாப்ள, எஞ்சின் நல்லா இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு."

"என்னது?"

"கடலுக்குப் போவப் பயமா இருக்குல. அக்டோபர்லருந்து."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சுக்கானைக் கையால் ஓங்கி அடித்தான். "அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா எஞ்சின மூணு தடவ கழட்டியிருக்க வேண்டாமே அத்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தால் அவனும் சிரிக்கிறான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கித்தேரி ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரைக்குத் திரும்பும்போது தோபியாஸ் மெதுவாகச் சொன்னான். "நான் இப்பவும் ஐஸ் தண்ணி குடிக்கதில்ல. கல்யாண வீட்டுல சர்பத்து குடுத்தா ஐஸ எடுத்துக் கீழ போட்டுட்டுத்தான் குடிக்கேன்."

"அப்ப நீ மட்டும் எப்படிப் போற?"

"தெரியல அத்தான். போறேன்."

ஜூன் 13

வலை ஏற்றினோம். தண்ணீர் கேன்களை நானே நிரப்பினேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. வீட்டிலிருந்த பாட்டில்களையும் கொண்டுபோய் வைத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் பெருக்க முடிகிறது என்று கித்தேரிக்குச் சந்தோஷம். மாதா படத்துக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுக்கவில்லை.

ஜூன் 14

இந்த நடைக்குத் தோபியாஸ் ஓட்டுகிறான். நான் போகவில்லை. ஊரில் யார் என்ன கேட்டாலும் பயமாக இருக்கிறது என்றே சொல்கிறேன். சொல்லச் சொல்ல, கேட்கிறவன்தான் தலையைக் குனிந்துகொள்கிறான்.

ஜூன் 15

விடிகாலையில் படகுகள் எல்லாம் போய்விட்டன. எங்கள் படகு ஏழாவதோ எட்டாவதோ போனது. வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம் என்று நினைத்தேன். கால் தானாகப் போய் நின்றது. கித்தேரி பக்கத்தில் நின்று ஜெபமாலை உருட்டினாள். படகு சின்னதாகி மறைந்ததும் வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். சுக்கானில் என் இடத்தில் தோபியாஸ் நிற்கிறான். வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தால் மனுஷனுக்கு எழுந்திருக்கவே முடியாது போலிருக்கிறது.

காலைக் கஞ்சி குடிக்கும்போது தோபியாஸ் போன் பண்ணினான். "அத்தான், இன்னும் கொஞ்சந்தான் டவரு இருக்கும். இந்தாங்க, கேளுங்க" என்றான். அவ்வளவுதான், பிறகு பேசவில்லை. போனை எஞ்சின் அறைக்குள் பிடித்திருக்கிறான் பாவி. காதே அடைக்கும் சத்தம். கஞ்சிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். ஆறு சிலிண்டரும் ஒழுங்காக ஓடின. அடியில் தேடினேன், டக் இல்லை. இன்னும் தேடினேன், இல்லை. கித்தேரியும் வந்து போனின் மறுபக்கம் காதை வைத்தாள்.

திடீரென்று சத்தம் நின்றது.

உடம்பு நடுங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கியது. பல் கிட்டிக்கொண்டது. எழுந்து வாசலுக்கு ஓடப்போனேன். கித்தேரி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"டவரு போயிருச்சுங்க. எஞ்சின் ஓடிட்டுத்தான் இருக்கு."

அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்திருந்தாள். கம்மல் பக்கம் ஒரு கையும் போகவில்லை.

ஆறிப்போன கஞ்சியைக் குடித்து முடித்தேன்.